மீனுக்கும் மூச்சு முட்டும்!

வைகறையில் ஒரு மீன் பண்ணைக் குளத்தருகே நின்று பார்த்திருக்கிறீர்களா? சில நாட்களில் மீன்கள் கூட்டமாக நீர்ப்பரப்புக்கு வந்து வாயைத் திறந்து திறந்து மூடுவதைக் காணலாம். அவை இரை தேடவில்லை. மூச்சுத் திணறித் தவிக்கின்றன. நீரிலேயே வாழும் மீனுக்கு மூச்சுத் திணறலா? விடை காணுமுன், குளங்களில் மீன் பெருகிய கதையைச் சிறிது அறிந்துகொள்வோம்.

கட்லா, ரோகு, மிர்கால் ஆகிய கெண்டை இன மீன்கள் இயற்கையில் ஓடும் ஆற்றில்தான் முட்டையிடும். ஆகவே, மழைக்காலத்தில் ஆற்றில் குஞ்சுகளைப் பிடித்து வந்தே குளத்தில் விடவேண்டியிருந்தது. 1957ஆம் ஆண்டு ஜூலை 10ஆம் நாள், ஒடிசாவிலுள்ள அங்குல் என்னுமிடத்தில் ஹீராலால் சௌத்ரி என்ற அறிவியலார் பிட்யூட்டரி சுரப்பியின் சாற்றை ஊசி மூலம் செலுத்தி, இவ்வின மீன்களைத் தேங்கிய நீரிலேயே முட்டையிடச் செய்தார். அதன்பின் குஞ்சுகளுக்குப் பஞ்சமில்லை. ஆந்திராவில் கொல்லேறு ஏரிப் பகுதியில் நெல்வயல்கள்கூட மீன்குளங்களாக மாறின. 2022ஆம் ஆண்டில் உலகில் வளர்த்தெடுத்த மீன், இறால் முதலியவை சுமார் 9.4 கோடி டன். இது இயற்கை நீர்நிலைகளில் பிடித்ததைவிட அதிகம். இதில் ஏறத்தாழப் பத்தில் ஒன்பது பங்கு ஆசியாவில் விளைந்தது.

குளத்தில் மீன்கள் நெருங்க நெருங்க, மூச்சுக்காற்றுக்குப் போட்டி எழுகிறது. ஒரு லிட்டர் காற்றில் ஏறத்தாழ 270 மில்லிகிராம் ஆக்சிஜன் உள்ளது. ஆனால் ஒரு லிட்டர் நன்னீரில், 20 டிகிரி செல்சியசில் சுமார் 9 மில்லிகிராம்தான் கரையும். 30 டிகிரியில் ஏறக்குறைய 7.5 மில்லிகிராமே. அடுப்பில் வைத்த நீர் கொதிப்பதற்கு வெகுமுன்பே பாத்திரத்தின் உட்புறத்தில் சிறு குமிழிகள் ஒட்டியிருப்பதைப் பாருங்கள். சூடேறியதால் வெளியேறும் காற்றே அது. வெப்ப நாடுகளில் மீன் விரைந்து வளரும். ஆனால் அதற்குக் கிடைக்கும் ஆக்சிஜனோ குறைவு.

பகலில் நீரிலுள்ள பாசிகள் ஒளிச்சேர்க்கையால் ஆக்சிஜனை வெளியிடுகின்றன. இரவில் அவையும் மீன்களைப் போலவே அதைச் செலவிடுகின்றன. மிஞ்சிய தீவனத்தை அழுகச் செய்யும் பாக்டீரியாக்களும் பங்கு கேட்கின்றன. வரவு நின்று செலவு மட்டும் இரவெல்லாம் நடப்பதால், விடியுமுன் இருப்பு மிகக் குறைந்துவிடுகிறது. லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் கீழே சென்றால் கெண்டைகளின் வளர்ச்சி தளரும்; மிகவும் குறைந்தால் கூட்டமாக மடியும். கடன் வாங்கிக் குளம் வெட்டியவரின் ஓராண்டு உழைப்பு ஒரே விடியலில் போய்விடக்கூடும்!

காற்றில் ஆக்சிஜன் ஏராளமாக இருக்கிறதே, அது நீருக்குள் இறங்காதா? இறங்கும், ஆனால் அசைவற்ற நீரில் அது பரவும் வேகம், காற்றில் பரவுவதைவிடச் சுமார் பத்தாயிரம் மடங்கு குறைவு. எனவேதான் பண்ணைகளில் துடுப்புச் சக்கரங்களைச் சுழலவிடுகிறார்கள். அவை நீரைத் துளிகளாகச் சிதறடிப்பதால் காற்றைத் தொடும் பரப்பு பெருகுகிறது. மேல்நீரும் கீழ்நீரும் கலக்கின்றன. இதற்கு மின்சாரமோ டீசலோ செலவாகும். சிறு விவசாயிக்குக் கட்டுப்படியாகும் வழி, மீனின் எண்ணிக்கையையும் தீவனத்தையும் அளவோடு நிறுத்துவதே.

ஒரு குளத்தில் எத்தனை மீன் விடலாம் என்று யாரேனும் உங்களைக் கேட்டால், வைகறையில் அந்நீரில் எவ்வளவு ஆக்சிஜன் மிஞ்சுகிறது என்று திருப்பிக் கேளுங்கள்.