5ஜி சிப்பும் மழைக் கணிப்பும்: சிக்கல் எங்கே?

வடகிழக்குப் பருவமழையில் ஏரி நிரம்பினால்தான் வேடந்தாங்கலில் கூழைக்கடாவும் நத்தைகுத்தி நாரையும் கூடு கட்டும். அந்த மழையைக் கணிக்க, வங்கக் கடலின் மேல் காற்றில் எவ்வளவு ஈரம் இருக்கிறது என்று செயற்கைக்கோள்கள் அளக்கின்றன. நீராவி தானாக வெளியிடும் மிக மெல்லிய நுண்ணலைதான் அவற்றுக்கு ஆதாரம். அதற்கென ஒதுக்கிய அலைவரிசை 23.6 முதல் 24 கிகாஹெர்ட்ஸ் வரை. இஸ்ரோவும் பிரான்ஸும் சேர்ந்து 2011 அக்டோபர் 12 அன்று ஏவிய மேகா-ட்ராபிக்ஸ் செயற்கைக்கோளில் இருந்த ‘மெட்ராஸ்’ கருவிக்கும் 23.8 கிகாஹெர்ட்ஸில் ஓர் அலைவரிசை இருந்தது.

2022இல் இந்தியா 5ஜிக்கு ஏலம் விட்ட 26 கிகாஹெர்ட்ஸ் பட்டை 24.25இல் தொடங்குகிறது. இரண்டும் தொடவில்லையே, பிறகென்ன தொல்லை? தொல்லை, டிரான்ஸ்மிட்டர் சிப்பின் கடைசிக் கட்டமான பவர் ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது.

உள்ளே போகும் அலை எந்த அளவு கூடுகிறதோ, அதே விகிதத்தில் வெளியே வருவதும் கூட வேண்டும். இதற்கு நேர்கோட்டுத்தன்மை என்று பெயர். டிரான்சிஸ்டர் தன் எல்லையை நெருங்கும்போது இது கெடுகிறது. திருவிழா ஒலிபெருக்கியை அளவுக்கு மீறித் திருகினால் பாட்டு கரகரக்குமே, அதே கோளாறுதான். சிதைந்த அலை தன் வரம்புக்குள் நிற்பதில்லை. 24.25இல் தொடங்கும் 400 மெகாஹெர்ட்ஸ் அகலச் சிக்னலின் மூன்றாம் படிச் சிதைவு, இருபுறமும் இன்னொரு 400 மெகாஹெர்ட்ஸ் விரியும். கீழே 23.85 வரை வந்துவிடும், அதாவது நீராவியை அளக்கும் இடத்துக்குள்ளேயே. செயற்கைக்கோளுக்கு வேறுபாடு தெரியாது. 5ஜி கோபுரத்தின் கசிவும் ஈரமாகவே கணக்கில் சேரும்.

எளிய வழி, திறனைக் குறைத்து ஓட்டுவது. உள்ளீட்டை 1 டெசிபெல் குறைத்தால் இந்தச் சிதைவு சுமார் 3 டெசிபெல் குறையும். ஆனால் 5ஜி அலையின் உச்சம் சராசரியைப் போல் பத்து மடங்கு வரை எழும். அதற்கு இடம் விட்டே ஓட்டினால் மின்சாரத்தின் பெரும்பகுதி சூடாகிப் போகும். இதே போன்ற வீணைக் குறைக்க, 1936இல் பெல் ஆய்வகத்தின் வில்லியம் டோஹர்ட்டி, உச்சம் வரும்போது மட்டும் விழிக்கும் இரண்டாவது ஆம்ப்ளிஃபயரைச் சேர்த்தார். அந்த அமைப்பு இன்று 26 கிகாஹெர்ட்ஸ் போன்ற மில்லிமீட்டர் அலைச் சிப்புகளிலும் இருக்கிறது.

நேர்மாறான சிதைவை முன்கூட்டியே கலந்து அனுப்புவது இன்னொரு வழி. பழைய கோபுரங்களில் இது வழக்கம். மில்லிமீட்டர் அலையிலோ ஒரே பலகையில் நூற்றுக்கணக்கான ஆன்டெனாக்கள், அவற்றின் பின்னால் தனித்தனி ஆம்ப்ளிஃபயர்கள். ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகச் சிதைப்பதால், ஒரே திருத்தம் எல்லாவற்றுக்கும் சரியாகப் பொருந்தாது. எனவே சிப்புக்குள்ளேயே சரிசெய்ய வேண்டும். சிப்பிலுள்ள என்-மாஸ் வகை டிரான்சிஸ்டரின் மின்தேக்கத்திறன் வோல்டேஜுக்கு ஏற்ப மாறி, அலையைச் சற்றே முன்பின் தள்ளும். எதிர்த்திசையில் மாறும் பி-மாஸ் வகை டிரான்சிஸ்டரை அருகில் வைத்து அதைச் சமன் செய்கிறார்கள். எனக்குப் பிடித்த தீர்வு இதுவே; கோளாறு பிறக்கும் இடத்திலேயே தீர்கிறது.

எகிப்தில் 2019இல் நடந்த உலக வானொலி மாநாடு, நீராவி அலைவரிசைக்குள் கோபுரத்திலுள்ள ஒரு தள நிலையம் 200 மெகாஹெர்ட்ஸுக்கு அரை மில்லிவாட் வரை கசியலாம் என்றது. 2027 செப்டம்பர் 1க்குப் பின் இயக்கத்துக்கு வரும் நிலையங்களுக்கு அதில் நாலில் ஒரு பங்குதான் அனுமதி. சென்னை ஐஐடி தலைமையில் 2022இல் சொந்த 5ஜி சோதனைக்களம் கண்ட நாடு, அந்தத் தேதிவரை காத்திருக்க வேண்டாம். கருவி வாங்கும் ஒப்பந்தங்களில் கடுமையான வரம்பை இப்போதே எழுதிவிட வேண்டும்.