டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் விளையாட்டில் நகர்வும் செயலும்

டஞ்சன்ஸ் அண்டு டிராகன்ஸ் என்பது மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கதைமாந்தராகப் பங்கேற்று ஆடும் விளையாட்டு. அமெரிக்காவைச் சேர்ந்த கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னசன் ஆகியோர் உருவாக்கிய இது 1974இல் வெளியானது. இதில் கதையை நடத்திச் செல்பவர் ஆட்ட நடத்துநர். மற்ற நேரங்களில் கதை பேச்சாகவே நகரும். சண்டை தொடங்கியதும் யார், எப்போது, எவ்வளவு செய்யலாம் என்பதை விதிகள் வரையறுக்கின்றன. 2014இல் வெளியான ஐந்தாம் பதிப்பின் விதிகள் இங்கு விளக்கப்படுகின்றன.

சுற்றும் முறையும்

சண்டை சுற்றுகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு சுற்று கதையில் 6 வினாடிகளைக் குறிக்கும். தொடக்கத்தில் ஒவ்வொருவருக்கும் 20 முகப் பகடை உருட்டப்படும். விழுந்த எண்ணுடன் கதைமாந்தரின் சுறுசுறுப்புக்கான மதிப்பைக் கூட்டி, பெரிய எண் பெற்றவர் முதலில் ஆடுவார். அந்த வரிசை சண்டை முடியும்வரை மாறாது. தன் முறை வந்ததும் ஒருவர் தன் வேகத்துக்குள் நகரலாம்; ஒரு செயலும் செய்யலாம்.

நகர்வு

மனிதக் கதைமாந்தரின் வேகம் 30 அடி. குள்ளர் இனத்தவருக்கு 25 அடி. கட்டம் போட்ட தாளில் ஆடும்போது ஒரு கட்டம் 5 அடி. இந்த அடிகள் கையிலுள்ள பணத்தைப் போலச் செலவாகும். கற்குவியல், புதர் போன்ற கடினமான தரையில் ஓர் அடி நகர 2 அடி செலவாகும். தவழ்வதற்கும் பொதுவாக ஏறுவதற்கும் நீந்துவதற்கும் இதே கணக்குத்தான். கீழே விழுந்தவர் எழுந்து நிற்க வேகத்தில் பாதி செலவாகும். நகர்வைப் பிரித்து, செயலுக்கு முன் சிறிதும் பின் சிறிதுமாகப் பயன்படுத்தலாம்.

செயல்கள்

தாக்குதல், மந்திரம் செய்தல் ஆகியவற்றுடன் வேறு எளிய செயல்களும் உண்டு:

- விரைந்தோடுதல்: தன் வேகத்துக்குச் சமமான கூடுதல் நகர்வு கிடைக்கும்.
- விலகுதல்: அந்த முறை முடியும்வரை, நகரும்போது எதிரியின் வாய்ப்புத் தாக்குதல் நிகழாது.
- தற்காத்தல்: கண்ணுக்குத் தெரியும் எதிரி தாக்கினால், அவர் இரு முறை பகடை உருட்டிச் சிறிய எண்ணையே கொள்ள வேண்டும்.
- உதவுதல்: தோழர் இரு முறை உருட்டிப் பெரிய எண்ணைக் கொள்ளலாம்.

ஒளிதல், தேடுதல், குறித்த தருணத்துக்காகக் காத்திருந்து செய்தல் ஆகியனவும் செயல்களே. உறையிலிருந்து வாளை உருவுவது, பூட்டாத கதவைத் திறப்பது போன்ற சிறு வேலை ஒன்றைச் செயலைச் செலவழிக்காமலே செய்யலாம். ஓரிரு சொற்கள் பேசுவதற்கும் செலவில்லை.

வாய்ப்புத் தாக்குதல்

எதிரியின் கைக்கெட்டும் தொலைவை விட்டு ஒருவர் வெளியேறினால், அந்த எதிரி தன் எதிர்வினையைப் பயன்படுத்தி ஒரு முறை தாக்கலாம். எதிர்வினை சுற்றுக்கு ஒன்றுதான். கைக்கெட்டும் தொலைவுக்குள்ளேயே சுற்றி வந்தால் இத்தாக்குதல் கிடையாது.

ஓர் எடுத்துக்காட்டு

30 அடி வேகமுள்ள வீராங்கனை ஒருத்தி கீழே விழுந்து கிடக்கிறாள். மூன்று கட்டங்கள் தள்ளி, 15 அடியில், எதிரி நிற்கிறான். எழுந்து நிற்க 15 அடி போக, மீதி 15. முதல் கட்டத்தில் கற்குவியல். அதைக் கடக்க 10 அடி. அடுத்த கட்டம் வெறுந்தரை, 5 அடி. இப்போது அவள் எதிரிக்குப் பக்கத்துக் கட்டத்தில் நிற்கிறாள். வாளை உருவி, தன் செயலால் தாக்கலாம்.

எதிரி இன்னும் ஒரு கட்டம் தள்ளி நின்றிருந்தால், அவளது வாள் எட்டாது. விரைந்தோடினால் அவனை நெருங்கலாம்; ஆனால் செயல் தீர்ந்துவிடுவதால் அந்த முறையில் வாள் வீச முடியாது. நெருங்கி நின்று அவனுடைய அடியை எதிர்கொள்வதா, நின்ற இடத்திலேயே தற்காத்துக்கொள்வதா என்பதை அவள்தான் முடிவு செய்ய வேண்டும்.

விதிகளின் பயன்

அளவு இல்லாவிட்டால், விரைவாகவும் உரக்கவும் பேசுபவரே சண்டை முழுவதையும் ஆடிவிடுவார். கூச்சமுள்ளவருக்கும் புதிதாக வந்தவருக்கும் இடம் இராது. ஒரு நகர்வு, ஒரு செயல் என்ற கட்டுப்பாடு மேசையில் உள்ள அனைவருக்கும் தத்தம் முறையை உறுதி செய்கிறது. எல்லாவற்றையும் ஒரே முறையில் செய்ய இயலாததால், தனியாகத் திணறுபவர் தோழரின் உதவியை நாடுகிறார். குழுவாகச் சேர்ந்து சிந்திக்கும் பழக்கம் இந்த விளையாட்டில் வளர இதுவும் ஒரு காரணம்.