கொச்சி கேட்ட கேள்விகளும் கொச்சியைக் கேட்கும் கேள்விகளும்

யூதர், கொங்கணியர், கச்சி மேமன்கள், குஜராத்தி வணிகர், தமிழ் வண்ணார், லத்தீன் கத்தோலிக்கர், ஆங்கிலோ-இந்தியர் எனப் பல திசைகளிலிருந்து வந்தவர்கள் அடுத்தடுத்த தெருக்களில் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்த மட்டாஞ்சேரியில், ஒரு குடும்பம் தன் மூதாதையரைத் தேடத் தொடங்கினால், அந்தத் தேடல் வெகு விரைவிலேயே வீட்டுப் பெட்டியில் உள்ள பத்திரங்களைத் தாண்டி, ஊரையும் கடலையும் தாண்டிவிடுகிறது. வம்சாவளி ஆய்வு என்பது பெற்றோர், பாட்டன், பூட்டன் என்று தலைமுறைகளில் பின்னோக்கிச் சென்று, யாருக்கு யார் பிள்ளை என்பதை ஒவ்வொரு படியிலும் சான்று காட்டி நிறுவும் முயற்சியாகும். வீட்டுப் பெரியவர்கள் சொல்லும் கதை அதற்குத் தொடக்கமாகலாமே ஒழிய, சான்றாகிவிடாது. துறைமுக ஊர்களில் அந்தச் சான்றுகள் பெரும்பாலும் பிறர் கையில், வேறு ஊரில், வேறு மொழியில் இருப்பதால், கேட்டு எழுதுவதும் பதில் பெறுவதும் இந்த ஆய்வின் உயிர்நாடியாகின்றன. கொச்சியைப் பொறுத்தவரை, குடும்ப வழியைப் பற்றிக் கடல் கடந்து கேள்வி அனுப்பும் வழக்கம் ஐந்நூறு ஆண்டுகள் பழமையானது.

இன்று அறியக் கிடைக்கும் அத்தகைய கேள்விகளில் மிகப் பழையது, ஏறத்தாழ 1520ஆம் ஆண்டளவில் கொச்சி யூதர்கள் கெய்ரோவில் இருந்த தாவீத் இப்னு அபி சிம்ரா என்ற புகழ்பெற்ற யூத சமய நீதி அறிஞருக்கு அனுப்பியதாகும். கொச்சியில் ஏறக்குறைய தொள்ளாயிரம் யூதக் குடித்தனங்கள் இருப்பதாகவும், அவற்றுள் நூறு குடித்தனத்தார் தங்களை வம்சம் தெரிந்த தூய வழியினர் என்று சொல்லிக்கொண்டு, மற்றவர்களை அடிமை வழியினர் என ஒதுக்கி, அவர்களோடு மண உறவு கொள்ள மறுப்பதாகவும், இது முறைதானா என்றும் அந்தக் கேள்வி அமைந்திருந்தது. வம்சாவளி உள்ளோரை ‘மெயுஹாசிம்’ என்றும், விடுதலை பெற்ற அடிமைகளையும் அவர்கள் சந்ததியினரையும் ‘மெஷுஹ்ராரிம்’ என்றும் குறிப்பது அச்சமூகத்தின் வழக்கம். ஒதுக்கப்பட்டோர் முறைப்படி சமயச் சடங்கு நீராட்டை ஏற்றுக்கொண்டால், அவர்கள் எல்லா வகையிலும் முழு யூதர்களே என்றும், அவர்களோடு மணம் செய்துகொள்ளத் தடையில்லை என்றும் கெய்ரோவிலிருந்து பதில் வந்தது. பதில் தெளிவானதுதான், ஆனால் கொச்சியில் மேல்நிலையில் இருந்தோர் அதை நானூறு ஆண்டுகளாக நடைமுறைக்குக் கொண்டுவரவில்லை. வம்சாவளி என்பது தன்னை அறிந்துகொள்ளும் ஆசையிலிருந்து மட்டுமே பிறப்பதாக எண்ணுவோர் இந்த முதற்கேள்வியை மனத்தில் இருத்திக்கொள்வது நல்லது. மட்டாஞ்சேரியில் அது முதலில் பதிவாகியிருப்பது, யாரை உள்ளே விடுவது, யாரை வெளியே நிறுத்துவது என்ற வழக்காகத்தான்.

ஐபீரியத் தீபகற்பத்திலிருந்து விரட்டப்பட்டவர்களும் மேற்காசியாவிலிருந்து வணிகத்துக்கு வந்தவர்களும் ‘பரதேசி யூதர்’ எனப்பட்டனர். அவர்கள் 1568இல், கொச்சி மன்னரின் மட்டாஞ்சேரி அரண்மனையை ஒட்டி, இன்றும் நிற்கும் தொழுகைக்கூடத்தைக் கட்டினர். 1662இல் போர்ச்சுகீசியரால் அது சேதப்படுத்தப்பட்டு, அடுத்த ஆண்டே கொச்சி டச்சுக்காரர் வசமான பிறகு, ஆம்ஸ்டர்டாம் யூதர்களோடு தொடர்பு ஏற்பட்டது. அங்கிருந்து 1686இல் வந்த மோசஸ் பெரேரா தெ பைவா என்பவர், தாம் கண்டதையும் கேட்டதையும் மறு ஆண்டே போர்ச்சுகீசிய மொழியில் சிறு நூலாக வெளியிட்டார். பரதேசி யூதக் குடும்பங்கள் இருபத்தைந்தையும், ஒவ்வொரு குடும்பத் தலைவரின் பெயரோடும் அவர் முன்னோர் வந்த இடத்தோடும் சேர்த்து அவர் பட்டியலிட்டிருப்பது, பின்வந்த ஆய்வாளர்களுக்குக் கிடைத்த பெரும் பேறு. கொடுங்கல்லூர், ஸ்பெயின், ஜெருசலேம், சிரியா என்று பலவாறாக விரியும் அந்த இடப்பெயர்கள், ‘வம்சத் தூய்மை’ பேசிய சமூகமே எத்தனை வழிகளின் கூட்டு என்பதைக் காட்டிவிடுகின்றன.

அதன் பிறகு வந்த கேள்வி நெதர்லாந்திலிருந்து வந்தது. ஹேக் நகரத்து வங்கியாளரான தோபியாஸ் போவாஸ், கொச்சி யூதர்கள் எப்போது, எங்கிருந்து, எப்படி வந்தார்கள் என்று கேட்டெழுத, டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் தலைமை வணிகராகவும் மன்னரின் நம்பிக்கைக்குரியவராகவும் விளங்கிய எசெக்கியேல் ரஹபி 1768இல் விரிவான பதில் எழுதினார். ஜோசப் ரப்பான் என்ற யூதத் தலைவருக்குச் சேர மன்னர் பாஸ்கர ரவிவர்மன் எழுபத்திரண்டு உரிமைகளை வழங்கி, கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டி வட்டெழுத்தில் பொறித்துக் கொடுத்த செப்பேடு, தொன்மையைப் பற்றிய இத்தகைய கேள்விகளில் இச்சமூகம் முன்வைக்கும் பெருமைக்குரிய ஆவணம். அது ஓர் உரிமைச் சாசனமே அன்றி வம்சப் பட்டியல் அன்று. ரப்பானுக்குப் பிறகு பல நூற்றாண்டுகளுக்கு யாருக்கு யார் பிள்ளை என்று சொல்லும் சான்று இல்லை. மட்டாஞ்சேரிக் குடும்பம் ஒன்று தன் மரத்தை நேராக ரப்பான் வரை கொண்டுசென்று வரைந்தால், நடுவில் உள்ள பகுதி விருப்பத்தால் நிரப்பப்பட்டது என்றே கொள்ள வேண்டும்.

ரஹபியின் குடும்பம் இன்னொரு பாடத்தையும் தருகிறது. சிரியாவின் அலெப்போவிலிருந்து பதினேழாம் நூற்றாண்டில் கொச்சிக்கு வந்த எசெக்கியேலின் மகன் தாவீத்; அவருடைய மகன், 1694இல் பிறந்து 1771இல் மறைந்த வணிகர் எசெக்கியேல்; அவருடைய மகன் மீண்டும் தாவீத். பாட்டன் பெயரைப் பேரனுக்கு இடும் வழக்கம் தமிழ்க் குடும்பங்களுக்கும் நன்கு பழகியதுதான். தலைமுறை தாவி ஒரே பெயர் திரும்பத் திரும்ப வருவதால், ஒருவரின் செயல் இன்னொருவர் கணக்கில் ஏறிவிடும் ஆபத்தும் அதோடு சேர்ந்தே வருகிறது. கொங்கண் கரையில் வாழ்ந்த பெனே இஸ்ரவேல் மக்களுக்கு யூதச் சமய நெறிகளைக் கற்பித்ததாக அவர்கள் மரபு போற்றும் தாவீத் ரஹபி, பல நூற்றாண்டுகளுக்கு முன் வாழ்ந்தவர் என்று அம்மரபு சொல்ல, அவர் கொச்சி வணிகரின் மகனான பதினெட்டாம் நூற்றாண்டுத் தாவீதாகவே இருக்க வேண்டும் என்று வரலாற்றாசிரியர் சிலர் கருதுகின்றனர். எனவே பெயர் ஒன்றுபடுவதை மட்டும் வைத்து ஆளை அடையாளம் காணாமல், தந்தை பெயர், ஆண்டு, ஊர், தொழில் ஆகியவற்றுள் இரண்டேனும் பொருந்துகின்றனவா என்று பார்ப்பது இவ்வாய்வின் அடிப்படை விதி.

ஆண்டைக் கணிப்பதும் எளிதன்று. கேரளத்துப் பத்திரங்கள் கி.பி. 825இல் தொடங்கும் கொல்லம் ஆண்டிலும், மேமன்களின் ஆவணங்கள் ஹிஜ்ரி ஆண்டிலும், டச்சு ஏடுகள் ஐரோப்பிய ஆண்டிலும் அமைந்திருக்க, யூதக் கல்வெட்டுகள் உலகம் படைக்கப்பட்டதாக அவர்கள் கொள்ளும் நாளிலிருந்தோ, கி.மு. நான்காம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கும் செலூக்கிய ஆண்டிலிருந்தோ கணக்கிடுகின்றன. சேந்தமங்கலத்துத் தொழுகைக்கூடத்தின் முன் நிறுத்தப்பட்டுள்ள, இஸ்ரவேலின் மகள் சாராவின் 1269ஆம் ஆண்டுக் கல்லறைக் கல்லும், கொச்சங்காடியில் இருந்து பரதேசி தொழுகைக்கூடத்துக்குக் கொண்டுவரப்பட்ட 1344ஆம் ஆண்டுக் கல்லும், இவ்வாறு கணித்த பிறகே நமக்குத் தெரிந்த காலவரிசையில் இடம் பெற்றன.

மட்டாஞ்சேரியின் மற்றச் சமூகங்களுக்கு வழிகள் வேறு. பதினாறாம் நூற்றாண்டில் கோவாவிலிருந்து போர்ச்சுகீசியரின் நெருக்கடிக்கு அஞ்சி வந்த கொங்கணியருக்குக் கோத்திரமும் குலதெய்வமும் வழிகாட்டுகின்றன. குலதெய்வம் எது என்று தெரிந்தால், அக்குடும்பம் கோவாவின் எந்த ஊரிலிருந்து புறப்பட்டது என்பதை ஓரளவு ஊகிக்கலாம். ஆனால் தெய்வங்களும் அக்காலத்தில் இடம் பெயர்ந்தவை: மங்கேசர் கோயில் 1560இல் குசஸ்தலியிலிருந்து பிரியோலுக்கு மாற்றப்பட்டது. ஆகவே இன்று கோயில் இருக்கும் ஊரைப் பூர்வீக ஊராகக் கொள்வது பிழையாகும். குஜராத்தியரில் பல சாதியாருக்கு, தலைமுறைப் பெயர்களை ஏட்டில் எழுதிவைத்து, குடும்பங்களைத் தேடிவந்து புதுப்பிக்கும் வஹிவஞ்சா எனப்படும் பரம்பரை எழுத்தர்கள் இருந்தனர். நாயர் குடும்பங்களில் மருமக்கத்தாயம், அதாவது தாய்வழியில் சொத்தும் குடும்பப் பெயரும் இறங்கும் முறை நிலவியதால், தந்தையின் தந்தை என்று தேடுவோர் இன்னொரு தறவாட்டுக்குள், அதாவது வேறொரு தாய்வழிக் கூட்டுக் குடும்பத்துக்குள், போய் நின்றுவிடுவர். அங்கே தாயின் தாய், அவள் தாய் என்று சென்றால்தான் பாகப் பத்திரங்கள் பேசத் தொடங்கும். கோட்டைக் கொச்சியில் ‘வெளி’ எனப்படும் பகுதியில் வாழும் தமிழ் வண்ணார், டச்சுப் படையினரின் உடைகளை வெளுப்பதற்காகத் தம் முன்னோர் தமிழகத்திலிருந்து கொண்டுவரப்பட்டனர் என்று சொல்லிவருகின்றனர். உழைப்புக்காகக் கொண்டுவரப்பட்டவர்களுக்குச் செப்பேடும் கல்வெட்டும் கிடைப்பதில்லை என்பதால், அவர்கள் நினைவைப் பெரியவர்கள் இருக்கும்போதே எழுதிவைப்பது மற்ற எல்லாவற்றையும் விட அவசரமான பணி.

கிறித்தவக் குடும்பங்களுக்கு முதல் ஆதாரம் திருச்சபைப் பதிவேடு. கோட்டைக் கொச்சியின் புனித பிரான்சிஸ் தேவாலயத்தில் 1751 முதல் 1804 வரையிலான டச்சுக் காலத் திருமுழுக்கு, திருமணப் பதிவேடு பாதுகாக்கப்பட்டுள்ளது. ஆங்கிலேயர் காலத்துப் பதிவுகளின் படிகள் லண்டனில் பிரிட்டிஷ் நூலகத்தின் இந்திய அலுவலகத் தொகுப்பில் இருக்கின்றன.

வம்சத்தைக் காட்டி வெளியே நிறுத்தப்பட்டவர்களின் பக்கத்திலிருந்து இக்கதையைப் பார்த்தால், ஏ. பி. சேலம் என்ற பெயர் முன்னுக்கு வருகிறது. 1882இல் பிறந்து 1967இல் மறைந்த இவ்வழக்கறிஞர், மெஷுஹ்ராரிம் எனப்பட்ட குடும்பத்தில் பிறந்தவர். தொழுகைக்கூடத்தில் தம் மக்களுக்குச் சமமான இடம் மறுக்கப்பட்டதை எதிர்த்து அறவழியில் போராடியதால் யூத காந்தி என்று அழைக்கப்பட்டார். இருக்கையும் சடங்கு உரிமையும் படிப்படியாகக் கிடைத்தன. மண உறவுக்கான தடை 1950இல் அவருடைய மகனின் திருமணத்தில்தான் உடைந்தது. கெய்ரோவிலிருந்து வந்த தீர்ப்பு அப்படித்தான் மட்டாஞ்சேரியில் ஒரு குடும்பத்தின் வாழ்வாயிற்று. அடுத்த சில ஆண்டுகளுக்குள் கொச்சிப் பகுதி யூதரில் பெரும்பாலோர் இஸ்ரேலுக்குக் குடியேற, அவர்களின் நினைவுகளும் மலையாளப் பாட்டேடுகளும் அவர்களோடு கப்பலேறின. அதனால் இன்று நெகேவ் பாலைவனத்து நெவாட்டிம் குடியிருப்பில் வாழ்வோரிடம் கேட்காமல் மட்டாஞ்சேரி யூதத் தெருவின் வரலாற்றை எழுத முடியாது.

அடிமைகளின் வம்சாவளியைத் தேடும் கேள்விகளோ இன்று தென்னாப்பிரிக்காவின் கேப்டவுனிலிருந்து வருகின்றன. பதினேழாம், பதினெட்டாம் நூற்றாண்டுகளில் மலபாரிலிருந்தும் சோழமண்டலக் கரையிலிருந்தும் வங்காளத்திலிருந்தும் விலைக்கு வாங்கப்பட்டு டச்சுக் கப்பல்களில் கொண்டுசெல்லப்பட்டோர், அங்கே ‘வான் கொச்சின்’, ‘வான் மலபார்’ என்று ஊரையே இரண்டாம் பெயராகக் கொண்டு ஏடுகளில் பதியப்பட்டனர். சொந்தப் பெயர் பறிக்கப்பட்டு, செப்டம்பர், பிப்ரவரி என்று மாதப் பெயர்கள் இடப்பட்டோர் பலர். அப்பெயர்கள் இன்றும் அங்குக் குடும்பப் பெயர்களாக வழங்குகின்றன. ‘வான் கொச்சின்’ என்றிருப்பவர் கொச்சியில் பிறந்தவராகத்தான் இருக்க வேண்டும் என்பதில்லை. உள்நாட்டில் எங்கோ பிறந்து கொச்சித் துறையில் கப்பலேற்றப்பட்டவராகவும் இருக்கலாம்.

அவர்கள் விற்கப்பட்ட தருணம் கொச்சியில் எழுத்தில் பதிவாகியுள்ளது. ஆள் ஒருவரின் உடைமை இன்னொருவருக்கு மாறியதைக் கம்பெனி அலுவலர் முன் பதிந்த விற்பனைப் பத்திரங்கள், மற்ற டச்சு ஏடுகளோடு, 1795இல் கொச்சி ஆங்கிலேயர் வசமான பின் அவர்கள் கைக்குப் போய்ச் சேர்ந்தன; மலபார் பகுதி சென்னை அரசின் கீழ் வந்ததால், அவை இப்போது சென்னை எழும்பூர் ரயில் நிலையத்துக்கு எதிரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகத்தில் உள்ளன. டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியின் ஆவணங்களை 2003இல் யுனெஸ்கோ உலக நினைவகப் பட்டியலில் சேர்த்தபோது, சென்னையில் உள்ள தொகுப்பும் அதில் அடங்கியது. கொச்சியின் டச்சு ஆளுநராக இருந்த ஆட்ரியான் மூன்ஸ் 1781இல் எழுதிய அறிக்கை 1911இலேயே ஆங்கிலத்தில் அச்சாகிவிட்டது. அடிமைப் பத்திரங்களுக்கு அந்தப் பேறு வாய்க்கவில்லை. விற்றவர், வாங்கியவர், விலை ஆகியவற்றோடு, விற்கப்பட்டவரின் வயது, சாதி, பழைய பெயர், புதிதாக இடப்பட்ட பெயர் ஆகியவையும் இத்தகைய பத்திரங்களில் காணப்படுகின்றன. ஒரு மனிதரைப் பொருளாக்கிய அந்தத் தாளில்தான், அவர் பொருளாவதற்கு முன் எந்தப் பெயரால் அழைக்கப்பட்டார் என்பதும் தங்கியிருக்கிறது. கேப்டவுன் ஏட்டில் புதிய பெயர் மட்டும் இருக்க, இவ்வேட்டில் இரண்டும் இருப்பதால், இரண்டையும் பொருத்திப் பார்ப்பவருக்கு அறுந்த தலைமுறை மீண்டும் இணைய வாய்ப்பு உண்டு.

மரபணுச் சோதனை இந்த இடத்தில் அதிகம் உதவுவதில்லை. 2016இல் வெளிவந்த ஓர் ஆய்வு, கொச்சி யூதரிடம் இந்திய வழியும் யூத வழியும் கலந்திருப்பதையும், அக்கலப்பு ஏறத்தாழ 13 முதல் 22 தலைமுறைகளுக்கு முன் நிகழ்ந்திருக்கலாம் என்பதையும் காட்டியது. அது ஒரு மக்கள் கூட்டத்தின் வரலாற்றைச் சொல்லுமே தவிர, ஒரு மூதாட்டியின் பெயரைச் சொல்லாது. பெயரைச் சொல்ல ஏடுதான் வேண்டும்.

அந்த ஏட்டைப் படிப்பதில்தான் இன்றைய சிக்கல் உள்ளது. பழைய டச்சுக் கையெழுத்தைப் படிக்கத் தெரிந்தவர்க்கு, காதில் விழுந்தபடி ஐரோப்பிய எழுத்தில் எழுதப்பட்ட ஒரு பெயர் கண்டனா, கோரனா, காளியா, நீலியா என்று பிரித்தறிவது கடினம். அப்பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் அடையாளம் கண்டு, அவை எந்தப் பகுதியில், எந்த மக்களிடையே வழங்கியவை என்று சொல்லக்கூடிய மலையாளிகளுக்கும் தமிழர்களுக்கும் அந்தக் கையெழுத்து புரிவதில்லை. இவ்விரு தரப்பினரும் எழும்பூரில் ஒரே மேசையில் அமர்ந்து, பத்திரம் பத்திரமாகப் பெயர் அட்டவணை தயாரித்தால், கேப்டவுனிலிருந்து கேட்பவருக்குக் கொச்சி இம்முறையேனும் காலம் தாழ்த்தாமல் பதில் சொல்ல முடியும்.