வாசிப்பால் உதவ நினைப்பவர்களுக்கு: மஞ்சள் பக்கங்கள் காத்திருக்கின்றன

மத்திய அரசின் புதிய பாரத எழுத்தறிவுத் திட்டத்தின் காலம் 2027 மார்ச்சில் முடிகிறது. அதற்குள் தன்னார்வலராகச் சேர்ந்துவிட வேண்டுமா, வாசிப்பை வைத்து உதவ வேறு வழி உண்டா என்று கேட்டு வாசகர்கள் எழுதுகிறார்கள். கல்லூரி நாட்டு நலப்பணித் திட்டத்துக்கு ஆண்டுக்கு 120 மணி நேரம் கணக்குக் காட்ட வேண்டிய மாணவர்களும் இவர்களில் உண்டு. பல கடிதங்களில் மூன்று நான்கு திட்டங்கள் ஒன்றாகக் குழம்பிக் கிடக்கின்றன.

எழுத்தறிவுத் திட்டத்தில் நீங்கள் கற்றுத்தருவது 15 வயதும் அதற்கு மேலும் ஆனவர்களுக்கு. வாசிப்பு, எழுத்து, கணக்கு என 150 மதிப்பெண்ணுக்கு ஒரு தேர்வு நடக்கும். தேறியவர் எழுத்தறிவு பெற்றவராகப் பதிவாவார். மாநிலத்தில் 95 சதவீதத்தை எட்டினாலே முழு எழுத்தறிவு என்று அறிவித்துக்கொள்ளலாம் என்கிறது அமைச்சகம். நூற்றில் மீதி ஐந்து பேரைத் தேடிப் போக அதற்குப் பிறகு யாருக்கு அவசரம் இருக்கும்? சேருங்கள். ஆனால் தேர்வு முடிந்த மறுநாளும் உங்கள் மாணவரோடு உட்கார்ந்து படிக்க முடியுமா என்று யோசித்துவிட்டுச் சேருங்கள்.

அதிகம் பேர் கேட்காத, நான் அதிகம் மதிக்கும் வேலை, நூல்களை எழுத்து வடிவில் தரும் இணைய நூலகமான தமிழ் விக்கிமூலத்தில் மெய்ப்புப் பார்ப்பது. ஒரு நூலகம் இத்தனை லட்சம் பக்கங்களை மின்மயமாக்கிவிட்டோம் என்றால், பெரும்பாலும் அவை பக்கங்களின் படங்கள்தான். பார்வையற்றவரின் கணினியில் உள்ள திரைவாசிப்பான் வெறும் படத்தைப் படிக்காது. எழுத்துணரி மென்பொருள் அந்தப் படத்தை எழுத்தாக்கும்போது ரகரத்தைத் துணைக்காலாக எடுத்துக்கொண்டு 'மரம்' என்பதை 'மாம்' ஆக்கும். இதையாவது கண்டுபிடித்துவிடலாம். 'ஏரி' என்பது 'எரி' ஆனால் பிழைதிருத்தி மென்பொருளும் விட்டுவிடும், இரண்டுமே சரியான சொற்கள் என்பதால். 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முந்தைய அச்சு என்றால் ணா, றா, லை எல்லாம் தடுமாறும். ஆகவே மனிதர் படித்தே தீர வேண்டும்.

இதற்கு விக்கிமூலத்தில் ஓர் ஏற்பாடு உண்டு. யாரும் திருத்தாத பக்கம் சிவப்பு. நீங்கள் படத்தையும் எழுத்தையும் அருகருகே வைத்துப் படித்துத் திருத்தினால் மஞ்சள். பச்சையாக்க உங்களால் முடியாது. வேறொரு பயனர் மறுபடி முழுதும் படித்துத்தான் ஆக்க வேண்டும். எவ்வளவு பெரிய புலவரானாலும் தன் பக்கத்துக்குத் தானே ஒப்புதல் தர மென்பொருள் இடம்கொடாது. நம் கை திருத்தியதை நம் கண் நம்பிவிடும் என்பதை அறிந்து செய்த விதி இது. அரசுத் திட்டங்களின் சாதனைப் பட்டியல்களுக்கும் இப்படி ஒரு விதி இருந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

ஒரு ஓட்டை இருக்கிறது. பயனர் கணக்கு வேறா என்று மட்டுமே மென்பொருள் பார்க்கும், அவர் படித்தாரா என்று பார்க்காது. இரண்டு நண்பர்கள் மணிக்கணக்கை நிரப்ப மாறிமாறிப் பொத்தானை அழுத்தினால் பிழையோடு பக்கம் பச்சையாகிவிடும். அதன் பிறகு அதை யாரும் திரும்பிப் பார்ப்பது அரிது. மாணவர்களை அனுப்பும் பேராசிரியர்கள் தயவுசெய்து பக்க எண்ணிக்கையை இலக்காக வைக்காதீர்கள். புதிதாக வருபவர்கள் மஞ்சள் பக்கங்களிலிருந்து தொடங்குங்கள். இரண்டாம் ஆளுக்காக அவை நிறையக் காத்திருக்கின்றன.

மற்ற கேள்விகள்:

ஆசிரியரே பிழையாக எழுதியிருந்தால்? அச்சில் உள்ளபடியே விடுங்கள்.

கைபேசி போதுமா? போதும், ஆனால் படமும் எழுத்தும் பக்கத்தில் பக்கத்தில் தெரியக் கணினியே வசதி.

எந்த நூல்கள்? ஆசிரியர் மறைந்து 60 ஆண்டு கடந்தவையும் அரசு நாட்டுடைமையாக்கியவையும்.

பணம் உண்டா? இதில் இல்லை, தமிழக அரசின் இல்லம் தேடிக் கல்வியில் மாதம் 1,000 ரூபாய் ஊக்கத்தொகை என அறிவித்தார்கள்.

பார்வையற்றவருக்குத் தேர்வு எழுதித் தரலாமா? தேவை மிக அதிகம்; ஆனால் உதவியாளரின் படிப்புக்கு வரம்பு உண்டு, தேர்வு நடத்தும் அமைப்பின் அறிவிப்பை முதலில் பாருங்கள்.

பதிப்புரிமை உள்ள பாடநூலைப் பார்வையற்றவர்களுக்காகக் குரலில் பதியலாமா? லாப நோக்கமின்றிச் செய்தால், 2012 சட்டத் திருத்தப்படி தாராளமாகப் பதியலாம்.