வி.ஆர்.எஸ் வாங்கப் போறீங்களா? வருடம் 120 ரூபாயில் ஒரு மருத்துவ வசதி இருக்கு!

திருவண்ணாமலையிலிருந்து செஞ்சி போகும் சாலையில் இருக்கிறது கீழ்பென்னாத்தூர். ஸ்ரீபெரும்புதூர் கம்பெனியில் வேலை பார்க்கும் ஒருவர், 52 வயதில் வி.ஆர்.எஸ் வாங்கிக்கொண்டு இங்கே திரும்புவதாக வைத்துக்கொள்வோம். வரும் பணத்தில் கடனை அடைக்கலாம், கிணற்றை ஆழப்படுத்தலாம், பெண்ணுக்குக் கல்யாணம் முடிக்கலாம். ஆனால், கம்பெனி கொடுத்த மருத்துவக் காப்பீடு வேலையோடு போய்விடும். பலரும் கணக்கில் சேர்க்காதது இதைத்தான்.

அந்த வயதில், அதுவும் சர்க்கரை இருந்தால், புது பாலிசியின் பிரீமியம் கையைக் கடிக்கும். ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டுகள் வரை காத்திருக்க வைக்கலாம். 2025 செப்டம்பர் 22 முதல் தனிநபர் பாலிசிகளுக்கு 18 சதவிகித ஜி.எஸ்.டி இல்லை என்பது ஓர் ஆறுதல். வருமானம் பார்க்காமல் 5 லட்சம் ரூபாய் தருகிற மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத் அட்டையோ 70 வயதானவர்களுக்குத்தான். 52-லிருந்து 70 வரை 18 வருடங்களுக்கு என்ன செய்வது?

முதலில் சம்பள ரசீதைப் பார்க்க வேண்டும். இ.எஸ்.ஐ பிடித்தம் இருக்கிறதா? குறைந்தது 5 ஆண்டுகள் இ.எஸ்.ஐ-யில் இருந்து, ஓய்வு வயதிலோ வி.ஆர்.எஸ்ஸிலோ முன்கூட்டியோ ஓய்வு பெற்றவர், மாதம் 10 ரூபாய் வீதம் வருடத்துக்கு 120 ரூபாயை முன்பணமாகக் கட்டினால் போதும். அவருக்கும் மனைவிக்கும் இ.எஸ்.ஐ மருத்துவ வசதி தொடரும். பிள்ளைகளுக்குக் கிடையாது. டீக்கடைச் செலவுக்கும் குறைவான இந்தத் தொகையைப் பற்றி வேலையை விடும் நாளில் யாராவது எடுத்துச் சொன்னால்தான் உண்டு!

ஒரு விஷயத்தில் உஷார். விதி சொல்வது 'ஓய்வு' என்றுதான். அதனால் கம்பெனி தரும் கடிதத்தில் 'ராஜினாமா' என்றிருக்கிறதா, 'விருப்ப ஓய்வு' என்றிருக்கிறதா என்று கையெழுத்துப் போடும் முன்பே பார்த்துவிட வேண்டும். சம்பளம் 21,000 ரூபாயைத் தாண்டி இ.எஸ்.ஐ பிடித்தம் நின்றுபோனவர்கள், இந்த வசதி தங்களுக்குப் பொருந்துமா என்று இ.எஸ்.ஐ அலுவலகத்தில் கேட்டுக்கொள்வது நல்லது. இந்தப் பக்கத்தவர்களுக்கு வேலூரில் இ.எஸ்.ஐ மருத்துவமனை இருக்கிறது. தூரம்தான் கொஞ்சம் அதிகம்.

கம்பெனியின் குரூப் பாலிசியில் இருந்தவர்கள், வெளியேறும் முன்பே அதே இன்ஷூரன்ஸ் நிறுவனத்தின் தனிநபர் பாலிசிக்கு மாறக் கேட்கலாம். அதுவரை கடந்த காத்திருப்புக் காலம் வீணாகாது.

இரண்டும் இல்லையா? குடும்பத்தின் ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் வருடத்துக்கு 5 லட்சம் ரூபாய் வரை சிகிச்சை பெறலாம். வருமானச் சான்று, குடும்ப அட்டை, ஆதாருடன் திருவண்ணாமலை கலெக்டர் அலுவலகத்தில் விண்ணப்பிக்க வேண்டும். வி.ஆர்.எஸ் பணத்தை வங்கியில் போட்டு வட்டி வாங்குபவர்கள், அந்த வட்டியும் வருமானம் என்பதை மறந்துவிட வேண்டாம்.