சுவரைத் தேடி

குகையென்றதும் குறுகிய வழியும் மூச்சுத் திணறலுமே நம் நினைவுக்கு வரும். போர்ணியோத் தீவின் சரவாக்கில், 1974ஆம் ஆண்டு முதல் தேசியப் பூங்காவாகக் காக்கப்பட்டுவரும் மூலுவிலோ நிலைமை வேறு. ஆங்குள்ள சுண்ணக்கல் மலைகளை மழைநீர் கரைத்துக் குடைந்திருக்கிறது. 1981இல் பிரித்தானியர் மூவர், மலைக்குள் பாயும் ஆற்றைப் பற்றிக்கொண்டு உட்புகுந்தனர். விளக்கொளி இருளிற் கரைந்துபோயிற்று, எதிர்ச்சுவர் புலப்படவில்லை. திசைகாட்டியொன்றையே துணையாகக் கொண்டு, பெரும் பாறைகளின்மேல் ஏறியும் இறங்கியும் நேரே சென்றனர். நடக்க நடக்கச் சுவர் வந்தபாடில்லை! நிலத்தின் கீழே அடைப்பன்று, வெளியே அச்சந் தந்தது. அளந்தபின்னரே, தாம் நடந்தது வழியன்று, ஒரே மண்டபம் என்பது தெளிவாயிற்று. நீளம் ஏறத்தாழ 600 மீற்றர். அகலம் 400 மீற்றருக்கும் மேல். கூரையைத் தாங்க ஒரு தூணுமில்லை. கொள்ளளவிற் சீனத்து மியாவ் மண்டபம் இதனை விஞ்சிவிட்டது. தரைப்பரப்பில் இன்றும் சரவாக் மண்டபமே பெரிது.