ஆஸ்பத்திரிப் பதிவுகளும் கம்ப்யூட்டரும்

நோயாளிகளின் பதிவுகளைக் கம்ப்யூட்டரில் ஏற்ற முற்படும் ஆஸ்பத்திரி நிர்வாகிகள் முதலில் விசாரிப்பது யந்திரத்தின் விலை. அடுத்தபடி டேட்டாபேஸின் பெயர். அப்பதிவுகள் பிற்காலத்தில் எவர் வசமிருக்கும் என்ற கேள்வி கடைசியில்தான் எழுகிறது. பல சமயம் எழுவதேயில்லை. இவ்வரிசையைத் தலைகீழாக மாற்றவேண்டுமென்பது நமது அபிப்பிராயம்.

யந்திரத்தின் ஆயுள் சொற்பம். இன்று வாங்கும் ஸர்வர் சில ஆண்டுகளில் பழையதாகிவிடும். இன்று பிறக்கும் குழந்தைக்கு இன்ன மருந்து ஒவ்வாது என்னும் குறிப்போ, அதன் முதுமை வரையில் வேண்டியிருக்கும்.

அமெரிக்காவின் அநுபவம் இதற்குத் தக்க சான்று. பாஸ்டன் நகரத்து மாஸசூஸெட்ஸ் ஜெனரல் ஆஸ்பத்திரியில் 1966-67-ல், பிடிபி-7 என்னும் கம்ப்யூட்டரில், 'மம்ப்ஸ்' என்ற மொழி உருவாயிற்று. டேட்டாபேஸையும் தன்னுள்ளே கொண்ட அம்மொழி 1977-ல் அந்நாட்டின் பொதுத் தரமாக அங்கீகாரம் பெற்றது. அதைக்கொண்டே அங்குள்ள முன்னாள் படைவீரர் ஆஸ்பத்திரிகள், பின்னர் 'விஸ்டா' எனப் பெயர்பெற்ற ஏற்பாட்டை அமைத்தன. பிடிபி-11, வாக்ஸ், ஆல்பா முதலிய யந்திரங்கள் ஒன்றன்பின் ஒன்றாய் மறைந்தன, ஏற்பாடு நிலைத்தது. 2018-ல் அவ்விலாகாவினர் செர்னர் கம்பெனியின் ஸாப்ட்வேருக்கு மாற ஒப்பந்தம் செய்தனர். 2020-ல் ஸ்போகேன் நகரில் அது முதன்முதலாக அமுலுக்கு வந்தது. இடர்ப்பாடுகள் மலிந்தமையால், 2023-ல் பிற ஆஸ்பத்திரிகளுக்கு விஸ்தரிப்பதை நிறுத்திவைக்க நேர்ந்தது. பெருநிதி படைத்த அரசாங்கத்திற்கே மாறுதல் இவ்வளவு கடினமாயின், நூறு படுக்கையுள்ள ஆஸ்பத்திரியின் கதி என்ன?

நமது தேசத்திலும் எச்சரிக்கை கிடைத்திருக்கிறது. 2022 நவம்பரில் டில்லி எய்ம்ஸ் ஸர்வர்கள் தாக்குதலுக்குள்ளாயின. பல நாட்கள் காகிதமும் பேனாவுமே அங்கு கைகொடுத்தன.

ஆகவே விலைபேசுமுன் விற்பவரிடம் மூன்று கேள்விகள் கேட்கவேண்டும். ஒப்பந்தம் முடியும் நாளில் எல்லாப் பதிவுகளையும், மத்திய சுகாதார இலாகா 2016-ல் வெளியிட்ட தரங்களுக்கிணங்க, பிறரும் படிக்கக்கூடிய வடிவில் ஒப்படைப்பீரா? வேறிடத்தில் சேமித்த பிரதியிலிருந்து அவற்றை எம் கண்முன்னே மீட்டுக் காட்டுவீரா? எவர் எந்தப் பதிவை எப்போது பார்த்தார் என்பது குறிக்கப்படுமா?

இவற்றிற்கு எழுத்து மூலம் விடை தருபவரிடமே ஸாப்ட்வேர் வாங்குக. போஸ்ட்கிரெஸ் போன்று விலையின்றிக் கிடைக்கும் டேட்டாபேஸ் போதுமாயின் அதையே கொள்க. யந்திரத்தை இறுதியில் தேர்ந்தெடுக்கலாம். பதிவு நோயாளிக்குரியது, ஆஸ்பத்திரி அதைக் காக்கும் தர்மகர்த்தா மாத்திரமே. பிறர் பொருளைப் பூட்டிவைத்துச் சாவியை வியாபாரியிடம் கொடுப்பது தர்மகர்த்தாவுக்கு அழகாகாது.